சாலிசிலிக் அமிலம் ஒருவழியாகக் கரைந்தது

செடி வறட்சியைத் தாங்குவதற்காக இலையில் அடிக்கும் சாலிசிலிக் அமிலப் பொடி கட்டி தட்டாமல் கரைந்து, தெளிப்பானின் நாசில் ஒரு தடவைகூட அடைக்காமல் டேங்க் முழுவதையும் அடித்து முடித்துவிட்டேன். சித்திரை வெயிலில் கிணறு பாதாளத்தில் கிடக்கும்போது இது எனக்குப் பெரிய விஷயம்.

பி.கே.எம். 1 ரகத் தக்காளி, பக்கத்துப் பாத்தியில் கத்தரி. அளவு வழக்கமான 100 பிபிஎம்தான், அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம். 16 லிட்டர் டேங்குக்கு 1.6 கிராம். பாக்கெட் தராசு இல்லாமல் இதில் இறங்காதீர்கள், கூடினால் இலை ஓரம் கருகும்.

பாடாய்ப் படுத்தியது கரைப்பதுதான். பொடி தண்ணீரில் நனையவே மாட்டேன் என்கிறது. மேலே மிதக்கும், குச்சியால் அமுக்கினால் பக்கெட் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வைத்தால், ஆற ஆற ஊசி ஊசியாகத் திரும்பி வந்து வடிகட்டியில் உட்காரும். ஸ்பிரிட்டில் கரைக்கலாம்தான், நல்லதாகக் கிடைக்க வேண்டுமே!

கைகொடுத்தது சமையல் சோடா. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் 1.6 கிராம் பொடி, 1 கிராம் சோடா. புஸ்ஸென்று நுரைத்து அடங்கும்போது தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அமிலம் சோடிய உப்பாக மாறிவிடுவதால் பிறகு எவ்வளவு ஆறினாலும் படியாது. நுரை முழுக்க அடங்கிய பிறகே டேங்கில் ஊற்றுங்கள். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், அடிப்பது சாயங்காலம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசையை அடிக்காமல் விட்டிருக்கிறேன். தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றுதான். உச்சிவெயிலில் எல்லாமே தலை தொங்குகின்றன. அடித்த வரிசை வெயில் சாய்ந்ததுமே நிமிர்ந்துவிடுகிறது. அடிக்காதது விளக்கு வைக்கும் நேரம்வரை சுருண்டே நிற்கிறது. பூ உதிர்வு குறைந்ததா என்பதைக் காயை எண்ணிய பிறகு சொல்கிறேன். வேரடி மண்ணை மூடும் மூடாக்கும் தண்ணீரும் இல்லாமல் எந்த மருந்தும் செடியைக் காப்பாற்றாது.

பொடி வாங்கியது பள்ளி ஆய்வகங்களுக்குச் சரக்குப் போடும் ரசாயனக் கடையில். உரக்கடையில் ‘வறட்சி தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட டானிக் ஒன்றை நீட்டினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அப்படிப்பட்ட பாட்டிலை என் தோட்டத்துக்குள் விடமாட்டேன்.

அடுத்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிபிஎஃப்எம். இலை வெளிவிடும் மெத்தனாலைத் தின்று, பதிலுக்கு சைட்டோகைனின் தரும் இளஞ்சிவப்பு பாக்டீரியா. லிட்டருக்கு 10 மில்லி. உயிருள்ள சரக்கு என்பதால் பூச்சிமருந்தோடு கலக்கக்கூடாது. இந்த அமிலத்தோடும் சேர்க்காமல் சில நாள் தள்ளியே அடிக்கப்போகிறேன், அதுவும் கத்தரியில் முதலில்.