முதலில் செலவு செய், பிறகு மானியம்

மண்ணின் ஈரத்தை அளந்து அதற்கேற்ப மோட்டாரை ஓட்டுகிற ஒரு சின்னக் கருவியை நாங்கள் செய்து வைத்திருந்தோம். மேசைமேல் நன்றாகவே ஓடியது. வயலில் ஒரு பருவம் முழுக்க வைத்துச் சோதிக்கத்தான் காசில்லை. வங்கியில் கேட்டால் அடமானம் என்ன இருக்கிறது என்கிறார்கள், முதலீட்டாளரோ விற்பனை எவ்வளவு என்கிறார், விற்பதற்கு முந்தின கட்டத்துக்குப் பணம் தர யாருமே இல்லை. அதனால்தான் மாநில அரசின் தொழில்நுட்ப மானியத்துக்கு விண்ணப்பித்தோம்.

விண்ணப்பம் பெரிய வேலையில்லை. திட்ட அறிக்கை, செலவுப் பட்டியல், அவ்வளவுதான். நிபுணர் குழு முன்னால் பேசியது எதிர்பார்த்ததைவிடப் பயன்பட்டது. உப்பு மண்ணில் உங்கள் சென்சார் ஈரத்தைக் கூட்டிக் காட்டுமே, அதற்கு என்ன வழி என்று ஒருவர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே போயிருக்கலாம்.

ஒப்புதல் ஆணை வந்த பிறகுதான் தலைவலி. மொத்தச் செலவில் ஒரு பங்கை நாங்கள் போட வேண்டும் என்பது சரி, நியாயம். மீதியும் முன்பணமாக வராது: நாங்களே செலவு செய்து, ரசீது சேர்த்து, பட்டயக் கணக்காளரிடம் சான்று வாங்கி, அதிகாரி நேரில் பார்த்துவிட்டுப் போனபின் தவணை தவணையாகத் திரும்ப வரும். பணம் இல்லாமல்தானே மானியமே கேட்டோம்! சொந்தக்காரர்களிடம் வட்டிக்கு வாங்கிச் சமாளித்தோம். மானியம் பெற்றவர்கள் பட்டியலில் சொந்த ஆய்வகம் உள்ள ஒரு நிறுவனமும் இருந்தது. மானியம் கிடைக்காவிட்டாலும் இதைச் செய்திருப்போம் என்று அவர்களில் ஒருவரே சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படியென்றால் அந்தப் பணத்தால் புதிதாக என்ன நடந்தது?

ஆனால் இந்த விதி வெறும் கெடுபிடி இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2010இல் 38 ஸ்டூடியோஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு அரசு ஆதரவோடு 7.5 கோடி டாலர் கடன் வாங்கிக் கொடுத்தது, 2012இல் நிறுவனம் திவால். விஸ்கான்சின் 2017இல் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஏறக்குறைய 300 கோடி டாலர் சலுகை அறிவித்தது, சொன்ன 13,000 வேலைகள் வரவில்லை. அங்கே வரிச்சலுகையை முதலீட்டோடும் வேலைகளோடும் கட்டியிருந்ததால் பெரும்பகுதி கைவிட்டுப் போகவில்லை, 2021இல் ஒப்பந்தத்தையே 8 கோடிக்குச் சுருக்கினார்கள். ஆனாலும் நிலத்துக்கும் சாலைக்கும் உள்ளாட்சிகள் முன்கூட்டியே பெரும்பணத்தைக் கொட்டிவிட்டிருந்தன.

ஆக, வேலையைக் காட்டு, பணம் வாங்கு என்பது பெரிய நிறுவனத்துக்குப் பொருத்தமான பூட்டு. அதையே ரெண்டு பேர் நடத்தும் கம்பெனிக்கும் போட்டால் தேவைப்படாதவன்தான் உள்ளே நுழைகிறான். அரசு தொழில்நுட்பத்துக்கு மானியம் தர வேண்டுமா என்று கேட்டால், தர வேண்டும் என்றுதான் சொல்வேன். சின்னத் தொகையாக, சோதனைக் கட்டத்துக்கு, முதல் தவணையை முன்பணமாக. சில தோற்கும், தோற்கட்டும், தொகை சின்னதுதானே.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு: முன்பணம் உண்டா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆணைத் தேதிக்கு முந்தின ரசீது எங்கள் திட்டத்தில் செல்லவில்லை, அதனால் அவசரப்பட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். அப்புறம், இந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் கணக்காளர் பாதி கேள்விகளைக் கேட்கவே மாட்டார்.