காக்காப்போவும் குச்சிப்பூச்சியும்

காக்காப்போ படத்தைக் காட்டினால் யாருக்கும் பிடித்துவிடுகிறது. பச்சை நிறம், ஆந்தை மாதிரி முகம், பறக்கவே தெரியாத இரண்டு கிலோ கிளி. அடுத்து லார்ட் ஹவ் தீவின் குச்சிப்பூச்சியைக் காட்டிப் பாருங்கள், உள்ளங்கை நீளத்துக்குக் கருப்பாக, இறக்கை இல்லாமல் இருக்கும், பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பூச்சிமேல்தான் பிரியம் அதிகம்.

நியூசிலாந்தில் ஒன்று, ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவில் இன்னொன்று. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைக் கணக்கெடுக்கும் சிவப்புப் பட்டியலில் இரண்டுமே 'மிக அருகிய இனம்'. இரண்டையும் அழித்ததில் எலிக்குப் பங்கு உண்டு. காக்காப்போவுக்குப் பூனையும், கீரி மாதிரி இருக்கும் ஸ்டோட் என்ற விலங்கும் சேர்ந்துகொண்டன. ஆபத்து வந்தால் அசையாமல் நிற்பது அதன் வழக்கம். வானத்திலிருந்து பார்க்கும் கழுகை அப்படி ஏமாற்றலாம், மோப்பம் பிடித்து வரும் விலங்கை எப்படி ஏமாற்றுவது? 1995இல் மிஞ்சியவை 51 பறவைகள். எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து, டிரான்ஸ்மிட்டர் கட்டி, எதிரிகள் இல்லாத தீவுகளில் விட்டுக் காவல் காத்ததில், 2022இல் 252 ஆனது. ஆனால் ரிமு மரம் நன்றாகக் காய்க்கும் வருஷத்தில்தான் அவை முட்டையிடும், அதிலும் நிறைய முட்டைகள் கூமுட்டையாகப் போய்விடும்.

பூச்சியின் கதை வேறு. 1918இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டி எலிகள் கரையேறின, சில வருஷங்களில் தீவில் ஒரு பூச்சிகூட இல்லை. அப்புறம் 2001இல், கடலில் செங்குத்தாக நிற்கும் பால்ஸ் பிரமிட் என்ற பாறையில், ஒரே ஒரு புதரடியில் 24 பூச்சிகள் கிடைத்தன! 2003இல் அங்கிருந்து இரண்டே ஜோடிகளைப் பிடித்து வந்தார்கள். மெல்போர்ன் விலங்குக்காட்சிசாலைக்குப் போன ஜோடிக்கு ஆதாம், ஏவாள் என்று பெயர். ஏவாள் சாகக் கிடந்தபோது பேட்ரிக் ஹோனன் என்ற பராமரிப்பாளர் கால்சியம் சேர்த்த கலவையைச் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பிழைக்க வைத்தார். இப்போது அங்கே பிறந்தவை ஆயிரக்கணக்கில்.

அதனால் ஒரே பட்டியலில் இருப்பதை வைத்து இரண்டின் நிலையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கிளிக்குக் குஞ்சுகள் வேண்டும். பூச்சிக்குக் குஞ்சுகளுக்குக் குறைவில்லை, திரும்பிப் போக எலியில்லாத வீடுதான் வேண்டும். 2019இல் லார்ட் ஹவ் தீவு முழுக்க எலி மருந்து வைத்தார்கள். குச்சிப்பூச்சி தன் தீவின் மரத்தில் மறுபடி ஏறுகிற செய்திக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.