குளிரில் அடிக்கடி நின்றுவிடும் ஹீட் பம்ப்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும், வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பொருத்திக்கொண்டவர்கள் குளிர்காலத்தில் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. வெளியே நிற்கும் பொறி சிறிது நேரம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது, கடைசியில் ஒரு பிழைக் குறியைக் காட்டிவிட்டு அசையாமல் இருந்துவிடுகிறது. ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டிலும் சென்ற குளிர்காலத்தில் இதுதான் நடந்தது. பொறி தானாக நிற்பதெல்லாம் பழுது அல்ல. பொறிக்குள் ஓடும் வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரைக் காப்பதற்காக வைத்திருக்கும் ஏதோவொரு பாதுகாப்பு ஆளி (சுவிட்ச்) அதை நிறுத்துகிறது. எந்த ஆளி, என்ன காரணத்தால் நிறுத்தியது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை பெரும்பாலும் சிறியது.

முதலில் கவனிக்க வேண்டியது, அது எப்படிப்பட்ட நாளில் நிற்கிறது என்பதை. எங்கள் பொறி -15 பாகை குளிரில், வானம் தெளிந்த வறண்ட இரவுகளில் ஒழுங்காக ஓடியது. 0 பாகையை ஒட்டி ஈரப்பனி கொட்டிய நாட்களில்தான் நின்றது. குளிர்தான் காரணம் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? சூடாக்கும் வேளையில் வெளியே உள்ள காயில் (வாயு ஓடும் குழாய்களும் அவற்றைச் சுற்றிய மெல்லிய தகடுகளும் கொண்ட பகுதி), சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை குளிர்ந்திருந்தால்தான் அந்தக் காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்ச முடியும்; அதனால் காற்றிலுள்ள ஈரம் பழைய ஃப்ரீசரின் உட்சுவரில் பிடிப்பதுபோல அதன் தகடுகளில் பனியாகப் பிடிக்கிறது. 0 பாகையில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 5 கிராம் நீரைச் சுமக்கும். -15 பாகையில் அது ஒன்றரை கிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே காயிலில் பனி மிகுதியாகப் பிடிப்பது கடுங்குளிரில் அல்ல, இந்த ஈரமான இடைக்குளிரில்தான்.

இந்தப் பனியை உருக்குவதற்காகவே பொறி அவ்வப்போது தன் ஓட்டத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெளி விசிறி நின்று, சூடான வாயு வெளிக் காயிலுக்குள் பாய்ந்து, சில நிமிடங்களுக்கு வெண்ணிற ஆவி எழும். புதிதாகப் பொருத்தியவர்கள் இதைப் புகை என்று எண்ணிப் பதறுவதுண்டு, இது பழுதல்ல. உருக்கல் நடக்காமல் போவதுதான் பழுது. அப்போது தகடுகளின் இடைவெளி அடைபட்டு, காற்று புக வழியின்றி, உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். தாழ் அழுத்த ஆளி பொறியை நிறுத்தும். இப்படிப் பலமுறை நடந்தால் கட்டுப்பாட்டுப் பலகை பொறியை முற்றாகப் பூட்டிவிடும்.

பிழைக் குறி உயர் அழுத்தத்தைச் சுட்டினால் கதை வேறு. குளிர்காலத்தில் வெப்பத்தை வெளிவிடுவது வீட்டுக்குள்ளே உள்ள காயில் என்பதால், அழுக்கேறிய ஃபில்டரோ, சோபாவுக்குப் பின்னால் மறைந்துபோன காற்றுத் துவாரமோ போதும், அழுத்தம் ஏறிப் பொறி நின்றுவிடும். யாரையும் அழைப்பதற்கு முன் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் வெளியே நின்று அழுத்தமானியைப் பொருத்திவிட்டு, "அண்ணை, காஸ் குறைஞ்சிட்டுது, நிரப்பினால் சரிவரும்" என்றார். காயில் பனியால் மூடியிருக்கும்போது அழுத்தம் குறைவாகத்தான் காட்டும். அதை வைத்துக் காஸ் குறைந்துவிட்டது என்று தீர்மானிப்பதை நான் ஏற்கவில்லை. குளிரூட்டும் வாயு பெற்றோலைப்போலச் செலவாகித் தீருவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதாகும். உண்மையிலேயே நிரப்ப வேண்டியிருந்தாலும், கடுங்குளிரில் அழுத்தத்தைப் பார்த்து ஊகிக்காமல், இருப்பதை முழுவதும் வெளியே எடுத்து, பொறியின் பெயர்த்தகட்டில் குறித்த எடைக்குத் தராசில் அளந்து ஏற்றுவதே முறை. அதுவும் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

இரண்டாவதாக வந்தவர் மானியைத் தொடவேயில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, காயிலின் அடிக்குழாயில் செருகியிருக்க வேண்டிய சிறுவிரல் நுனியளவு செப்பு உணரியைக் காட்டினார். அதைப் பிடித்திருந்த கவ்வி கழன்று, உணரி வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கும் உணரி குழாயின் குளிரை அல்ல, காற்றின் குளிரை அளக்கிறது; காயில் உறைந்து கிடக்கும்போதும் பலகைக்குப் "பனி இல்லை" என்ற செய்தியே போய்ச் சேர்கிறது. உணரி கெட்டுவிட்டதா என்று அறிய அதைப் பனிக்கட்டி மிதக்கும் நீரில் தோய்த்துத் தடையை அளந்தார். 25 பாகையில் 10 கிலோ ஓம் காட்டும் வகை உணரி 0 பாகையில் 32, 33 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும், காட்டியது. உணரி நல்லதுதான், கவ்விதான் போயிருந்தது. புதுக் கவ்வி போட்டு, மேலே காப்புப் பட்டை சுற்றியதும் உருக்கல் மறுபடி நடக்கத் தொடங்கியது.

ஆனால் பொறியின் அடியில் கட்டியாக உறைந்திருந்த பனிக்கட்டி உணரியால் வந்ததல்ல. கூரைப் பீலியின் மூட்டு ஒன்று ஒழுகி, நேராகப் பொறியின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. உருகிய நீர் வடிய வேண்டிய அடித்தட்டின் துளைகளை மேப்பிள் இலைகள் அடைத்திருந்ததால், அந்த நீரும் சேர்ந்து உறைந்து, காயிலின் கீழ்ப்பகுதியை விழுங்கியிருந்தது. பீலியைத் திருத்தி, துளைகளைத் துப்புரவாக்கி, பனி குவிந்தாலும் மூடாத உயரத்துக்குத் தாங்கியை உயர்த்தினோம். கட்டியை ஸ்குரூடிரைவரால் கொத்த நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்தத் தகடுகள் விரலால் அழுத்தினாலே மடங்கும், பின்னாலுள்ள குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு பலமடங்காகும். பொறியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றி உருக்குவதே நல்லது.

எந்தப் பிழைக் குறியும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வெளியே ஒரே வெப்பநிலையில் நின்றால், தெர்மோஸ்டாட்டின் அமைப்பைப் பாருங்கள். ஃபர்னஸுடன் (எரிபொருளால் வீட்டைச் சூடாக்கும் உலையுடன்) சேர்த்துப் பொருத்தும்போது, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே ஹீட் பம்ப் ஓடக் கூடாது என்று பொருத்துபவரே குறித்துவிட்டுப் போயிருக்கலாம்.

இன்னொன்று, பிரேக்கரை அடிக்கடி இறக்கி ஏற்றிப் பூட்டை விடுவிப்பவர்களுக்கு. மின்சாரம் நின்றால் கம்ப்ரஸரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்கும் சிறு ஹீட்டரும் நிற்கிறது; குளிர்ந்த எண்ணெயில் திரவமாகிய வாயு கரைந்துவிடும். அந்த நிலையில் உடனே ஓடவிட்டால் எண்ணெய் நுரைத்து, கம்ப்ரஸருக்குள் இருக்கும் பேரிங்குகள் உராய்வுக்குள்ளாகும். நெடுநேர மின்தடைக்குப் பிறகு பிரேக்கரை ஏற்றிவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் மணிநேரம்வரை ஃபர்னஸையோ மின் ஹீட்டரையோ பயன்படுத்திக்கொண்டு காத்திருங்கள்.