அவள் விரல் நின்ற பூ

“இதுதானே அக்கா பியோனி?”

“ஆமாம்மா.”

நடந்தது இவ்வளவுதான். இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. கேட்டபோது மணப்பெண்ணின் ஆள்காட்டி விரல் கொத்தில் இருந்த ஒரு பூவின் மேல் இருந்தது. அந்தப் பூ ரோஜா.

கொத்தில் பியோனியே இல்லை என்று சொல்ல முடியாது. மொத்தம் பதினைந்து பூ. அதில் ஆறு பியோனி, ஒன்பது கார்டன் ரோஸ். அவள் விரல் இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளி நின்றிருந்தால் நான் சொன்னது உண்மையாகியிருக்கும். இந்த இரண்டு அங்குலத்தை எத்தனையோ முறை அளந்து பார்த்துவிட்டேன். கல்யாணப் பூ வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. வாடிய பூ, உடைந்த தண்டு, நேரத்துக்குப் போய்ச் சேராத வண்டி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவற்றில் எதுவும் இப்படி நெஞ்சில் தங்கவில்லை.

முதல் நாள் அவள் வந்தபோது கையில் ஒரு படம் வைத்திருந்தாள். அவள் அம்மாவின் கல்யாணப் படம், கறுப்பு வெள்ளை, ஒரு மூலை மடிந்து வெளுத்துப்போனது. அம்மா உயிரோடு இல்லை. படத்தில் அம்மா கையில் ஒரு கொத்து. “இது என்ன பூ அக்கா? அதே பூ வேணும்” என்றாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உருண்டையான, இதழ் அடர்ந்த பெரிய பூக்கள். இலை தெரியவில்லை. பியோனியாக இருக்கலாம், பழைய வகை ரோஜாவாக இருக்கலாம், பெரிய கார்னேஷன்கூட இருக்கலாம். “பியோனி மாதிரி இருக்கு” என்றேன்.

அடுத்த முறை அவள் பேசியபோது அது ‘அம்மாவோட பியோனி’ ஆகிவிட்டது. ‘மாதிரி’ எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது. நானும் அதை எடுத்து ஒட்டவில்லை. அவள் முகத்தில் இருந்த மலர்ச்சியைப் பார்த்துவிட்டு, “ஒரு நிமிஷம், எனக்கு அவ்வளவு உறுதியில்ல” என்று எப்படிச் சொல்வது? இப்போது யோசித்தால், சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று படுகிறது. அப்போது எதுவும் கெட்டுப்போயிருக்காது.

பியோனி நினைத்தபோது கிடைக்கிற பூ இல்லை. செடி குளிர்காலம் முழுக்க நன்றாகக் குளிர்ந்தால்தான் பூக்கும். நெதர்லாந்தில் மே, ஜூன். அது முடிந்ததும் அலாஸ்காவில் ஜூலை, ஆகஸ்ட். அப்புறம் பூமியின் அந்தப் பக்கம், நியூசிலாந்திலும் சிலியிலும் நவம்பர், டிசம்பர். இவற்றுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவள் கல்யாணத் தேதி சரியாக அந்தப் பள்ளத்தில் விழுந்தது. மொட்டாக அறுத்து, தண்ணீர் காட்டாமல் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் படுக்க வைத்த பூதான் அப்போது கிடைக்கும். அதைச் சொன்னேன். விலை கூடும் என்றும் சொன்னேன். “எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல அக்கா. மத்ததெல்லாம் நீங்க பாத்து எது வெச்சாலும் சரி. கைல புடிக்கிறது மட்டும் அம்மாவோடது” என்றாள்.

எங்கள் ஒப்பந்தத் தாளில் ஒரு வரி உண்டு. கேட்ட பூ கிடைக்காவிட்டால் அதே நிறத்தில், அதே தரத்தில் வேறு பூ வைக்கலாம். இந்தத் தொழிலில் பெரும்பாலும் எல்லோரும் வைத்திருக்கும் வரிதான். அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்றிரண்டு முறை எடுத்துப் பார்த்தும் இருக்கிறேன்.

சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை இருபது மொட்டு வந்தது. பெட்டியைத் திறந்து முதல் மொட்டை அமுக்கியபோதே வயிற்றில் ஏதோ பிசைந்தது. பியோனி மொட்டை இரண்டு விரலால் அமுக்கினால் பஞ்சு மாதிரி கொஞ்சம் உள்ளே போக வேண்டும். மார்ஷ்மெல்லோ பதம் என்போம். அந்தப் பதத்தில் அறுத்த மொட்டு எத்தனை நாள் குளிரில் கிடந்தாலும் எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு. அதற்கு முன்பே அறுத்துவிட்டால் கோலிக்குண்டு மாதிரி அப்படியே நிற்கும். வந்த இருபதில் பாதிக்கு மேல் கோலிக்குண்டு.

செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். தண்டுகளைச் சாய்வாகப் புதிதாய் வெட்டி, சர்க்கரை கலந்த பூ மருந்து போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினேன். பியோனி மொட்டின் மேல் தேன் மாதிரி ஒரு பிசின் கசியும். தோட்டத்தில் எறும்பு மொய்ப்பது அதற்காகத்தான். அது காய்ந்தால் வெளி இதழ்களை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மொட்டாகக் குழாய்க்கடியில் காட்டி, கட்டைவிரலால் அந்தப் பிசினைக் கரைத்துத் துடைத்தேன். ஈரம் பட்டதும் வெளி இதழ் ஒன்று மெல்லத் தளர்ந்து விலகும். குழந்தை தூக்கத்தில் கைப்பிடியைத் தளர்த்துகிற மாதிரி இருக்கும் அது. அறையைச் சூடாக வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். வெள்ளி மதியம் நான்கு பூ விரிந்தது. இரவு பத்தரைக்கு ஆறு. மீதி பதினான்கும் அசையவில்லை.

குளிர் அறையில் கார்டன் ரோஸ் இருந்தது, அதே வெளிர் ரோஸ் நிறத்தில். மேசை அலங்காரத்துக்காக வாங்கியது. டேவிட் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயர், பழைய ரோஜாக்களின் கிண்ண வடிவத்தையும் வாசனையையும் மீட்கப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய வழியில் வந்த வகை. 1961-ல் அவர் வெளியிட்ட முதல் ரோஜாவுக்கு கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை என்று பெயர். அந்த அம்மாள் எங்களைப் போலப் பூ அலங்காரம் செய்தவர். அந்த ரோஜாவைத் தூரத்திலிருந்து பார்த்தால் பியோனி என்றுதான் தோன்றும். அதனால்தான் பியோனி இல்லாத மாதங்களில் எல்லோர் கையும் இந்த ரோஜாக்களிடம் போகிறது. தொழிலில் இது ஒரு ரகசியமே இல்லை.

அப்படியானால் ஏன் அன்று இரவே அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை? மணி பதினொன்று ஆகிவிட்டது. விடிந்தால் கல்யாணம். தூங்கப் போயிருப்பாள். சொன்னால் அழுவாள், காலையில் வீங்கிய கண்ணோடு நிற்பாள், சொல்வதால் ஒரு பியோனிகூட விரியப் போவதில்லை. இதெல்லாம் நியாயமான காரணங்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் கைபேசியை எடுத்து அவள் எண் வரை போய்விட்டுத் திருப்பி வைத்தபோது எனக்குள் வந்தது நிம்மதி. அவளுக்காகப் பேசாமல் இருந்தவளுக்கு ஏன் அந்த நிம்மதி வர வேண்டும்?

விக்டோரியா மகாராணி 1840-ல் ஆரஞ்சுப் பூ வளையம் சூடி மணமுடித்தார். அதன் பிறகு மணப்பெண்கள் பலரும் ஆரஞ்சுப் பூ கேட்டார்கள். நிஜப் பூ கிடைக்காதவர்களுக்கு மெழுகில் செய்து கொடுத்தார்கள். அந்த மெழுகுப் பூ வளையங்கள் சில இன்னும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது எங்கள் தொழிலோடு பிறந்தது என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்ள இதை நினைப்பேன். கொஞ்ச நேரம் வேலை செய்யும். பிறகு, மெழுகுப் பூ சூடிய பெண்ணுக்கு அது மெழுகு என்று தெரியுமே என்பது நினைவுக்கு வந்துவிடும்.

காலையில் கொண்டுபோனோம். தண்டு நனைந்திருக்க வேண்டும், ஆனால் மணப்பெண் உடையில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அதனால் கொத்தை ஜாடியில் நிறுத்தி, ஜாடியைப் பெட்டிக்குள் அசையாமல் பொருத்தி, கொடுக்கும் கணத்தில் எடுத்து, துண்டால் தண்டைத் துடைத்து, ரிப்பனைச் சரிசெய்து நீட்டுவது என் வழக்கம். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கொத்தை வாங்கியதும் எல்லாச் சத்தமும் அவளுக்கு நின்றுபோன மாதிரி இருந்தது. நடுவில் இருந்த பூவை, நகம் படாமல், விரலின் சதைப்பகுதியால் தொட்டாள். அப்புறம்தான் கேட்டாள்.

நான் சொல்லியிருக்கலாம். “இதுல ஆறு பியோனி இருக்கும்மா, மீதி ரோஸ்” என்று ஒரே வரி. ஆறு என்பதே அதிசயம் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. பதிலாக, வாயிலிருந்து வந்தது “ஆமாம்மா.” அவள் கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள். “அம்மாவுக்கும் இந்த வாசனைதான் வந்திருக்கும் இல்ல?” என்றாள், என்னைக் கேட்காத மாதிரி. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

வண்டியில் திரும்பும்போது என்னோடு வந்த உதவிப் பெண் ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, அவங்க தொட்டது ரோஸ்தானே?” என்றாள். “ஆமா.” “ஓ.” அவ்வளவுதான் பேசினாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்குத் தண்டு வெட்டவும் கம்பி சுற்றவும் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு எதை மாற்றினாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதையும் எழுத வேண்டும். அடுத்த வருடமே ஒரு கல்யாணத்தில் லில்லி ஆஃப் தி வேலி வந்து சேரவில்லை. முந்தின நாள் மாலையே கூப்பிட்டு, வேறு வெள்ளைப் பூ வைக்கிறேன் என்று சொன்னேன். அந்தப் பெண் அழுதாள். காலையில் போனபோதும் கண் கலங்கியிருந்தது. கொத்தை வாங்கிப் பார்க்காமலே மேசையில் வைத்தாள். அவள் அத்தை என்னை வெளியே கூப்பிட்டு, “சொல்லாமலே வெச்சிருந்தா அவளுக்குத் தெரியவா போகுது? உங்க மனசு லேசாகணும்னு அவ தலைல எறக்கிட்டீங்களே” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் சரியாகத்தான் செய்தேன். இருந்தும் அந்தக் கொத்து மேசையில் கிடந்த கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை இரவு கொத்தைக் கட்டும்போது, ரோஜாத் தண்டுகளில் இருந்த இலைகளை எல்லாம் உருவினேன். ரோஜா இலையின் ஓரம் ரம்பப்பல் மாதிரி இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். பிறகு, விரியாமல் நின்ற பதினான்கு பியோனித் தண்டுகளிலிருந்து கரும்பச்சையான, விரல் விரித்த மாதிரி பிளந்த இலைகளைப் பறித்து, ரோஜாக்களைச் சுற்றி ஒவ்வொன்றாகச் செருகினேன். அழகுக்காக என்றுதான் அப்போது நினைத்தேன். அழகாகவும் இருந்தது, நான் கட்டியதில் நல்ல கொத்துகளில் அது ஒன்று. ஆனால் அழகு மட்டும் போதுமென்றால் யூகலிப்டஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கேட்ட நொடியில் வாய் தடுமாறிவிட்டது என்று நான் சொல்லிக்கொள்வதெல்லாம் இந்த இலைகளிடம் வந்து நின்றுவிடுகிறது.

போன ஜூனில் அவள் வந்தாள். அம்மாவின் பிறந்த நாளுக்குப் படத்துக்கு முன் வைக்கப் பியோனி வேண்டும் என்றாள். நல்ல பருவம். பதினைந்து மொட்டு, அத்தனையும் பஞ்சுப் பதம். ஒன்று பாக்கியில்லாமல் விரிந்தன. நான் மனதுக்குள் ஏதோ கணக்குத் தீர்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கட்டினேன், ஒரு ரோஜா சேர்க்காமல். அவள் வாங்கி, அதே மாதிரி விரலின் சதையால் தொட்டு, முகர்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“நல்லா இருக்கு அக்கா. ஆனா அன்னிக்கு இருந்தது வேற வாசனை. அது இன்னும் நல்லா இருந்துச்சு.”

“அது வேற ரகம்மா” என்றேன்.

“அப்போ அடுத்த வருஷம் அந்த ரகமே குடுங்க. அம்மாவோடது அதுதான்.”

அவள் முன்னாலேயே ஆர்டர் நோட்டில் எழுதிக்கொண்டேன்: பதினைந்து, வெளிர் ரோஸ், கல்யாணத்தன்று வைத்த ரகம். அந்தத் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று மொத்த வியாபாரி கூப்பிட்டு, பியோனி எத்தனை தண்டு, கார்டன் ரோஸ் எத்தனை தண்டு என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.