எண் அதேதான், வால் மட்டும் வேறு

ஆறு வாரத்தில் ஒரே ரோலரில் மூன்று பேரிங் போயின. நான்காவதை மாட்டி நான்கு மாதம் ஆகிவிட்டது, இன்னும் சத்தமில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது உருளைக்கிழங்குத் தோலை உராய்ந்து எடுக்கும் ரோலர் இயந்திரம். சொரசொரப்பான எட்டு ரோலர்கள், மேலே தண்ணீர்க் குழாய், கீழே கழிவுத் தொட்டி. நீராவியில் தோல் உரிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு அழுத்தக் கலன், வால்வு, கதவுச் சீல் என்று வேறு தலைவலிகள். எங்களுக்குத் தண்ணீரும் கிழங்கு மாவும்தான் எதிரிகள்.

முதலில் கிழங்குதான் காட்டிக்கொடுத்தது. ஒன்று பாதித் தோலோடு வந்தது, அடுத்தது சதை தெரியச் சுரண்டப்பட்டு வந்தது. ரோலர் தேய்ந்துவிட்டது என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டினார். கிழங்கு இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே உருளட்டும் என்று ஓட்டத்தையும் குறைத்தார். இந்தத் தவற்றை மட்டும் செய்யாதீர்கள். நின்ற தோல் போகும், கூடவே நல்ல சதையும் கழிவுத் தொட்டிக்குப் போகும். வெளியே வரும் கிழங்கு பளபளவென்று இருப்பதால் யாரும் கேட்கமாட்டார்கள். கழிவை எடை போட்ட பிறகுதான் வயிறு எரியும்.

நானும் மறுபேச்சுப் பேசாமல் ஒரு முழு நாளைச் செலவிட்டு ரோலரை மாற்றினேன். கூடவே, உறுமிக்கொண்டிருந்த ஒரு முனையில் புதுப் பேரிங்கும் போட்டேன். ஒன்பதாம் நாள் அதே முனையில் அதே உறுமல். கழற்றிப் பார்த்தால் கிரீஸ் பால் கலந்த தேநீர் போல வெளுத்துக் கிடந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. துடைத்துவிட்டுப் பக்கவாட்டைப் பார்த்தபோதுதான் பேரிங் எண்ணுக்குப் பின்னால் வாலாக வரும் எழுத்துகள் கண்ணில் பட்டன: இசட் இசட். அதாவது இருபுறமும் வெறும் தகரத் தட்டு. தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. எங்களுக்கு வேண்டியது 2 ஆர்எஸ், இருபுறமும் ரப்பர் சீல் உள்ளது.

ஸ்டோருக்கு ஓடினேன். “6206 கேட்டாய், 6206 கொடுத்தேன். எண் சரிதானே தம்பி?” என்றார் ஸ்டோர்காரர். எண் சரிதான். உள்விட்டம் 30 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 62, அகலம் 16, கச்சிதமாகப் பொருந்தும். அதுதான் வினையே. பொருந்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன். அவரோடு பத்து நிமிடம் வாதாடிய பிறகு பணிச்சீட்டை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்தில் வெறும் “6206”. வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

சீல் வைத்தது வந்தது, மாட்டினேன், நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம்தான். அதுவும் போயிற்று.

இம்முறை ஸ்டோரைக் குறை சொல்ல வழியில்லை. ஒரு நாள் இரவு ஷிப்ட் முடியும்வரை நின்று, கழுவுவதைப் பார்த்தேன். உயர் அழுத்தக் குழாயின் முனையை ஒரு சாண் தூரத்தில் வைத்து, நேராகப் பேரிங் சீலின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடிக்கு எந்த ரப்பர் உதடும் தாங்காது. சத்தம் போடப் போனவன், அவர்கள் காட்டிய இடத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ரோலர் முனைக்கும் பேரிங் கூட்டுக்கும் இடையே தோலும் மாவும் அப்பிப் புளித்துக் கிடந்தன. அதைக் கழுவாமல் விட்டால் தரப்பிரிவு அவர்களை விடாது. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

பேசித் தீர்த்தோம். அந்த இடத்தை மட்டும் முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்துவிட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசுவது என்று முடிவு. நான் என் பங்குக்கு ஷாஃப்டில் ஒரு ரப்பர் வளையம் ஏற்றினேன். ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றித் தண்ணீரை வெளியே வீசிவிடும். வளையத்தின் உதடு பேரிங் கூட்டைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் தண்ணீரை நாமே அழைத்துக் கொடுத்ததாகிவிடும்.

மறுமுனைப் பேரிங்குகளுக்கு நிப்பிள், அதாவது கிரீஸை உள்ளே அடிக்கும் சிறு முனை, உண்டு. அங்கே இன்னொரு பாடம். கையிருப்பு தீர்ந்ததால் வேறொரு உணவுத்தரக் கிரீஸை அடித்தேன். இரண்டு டப்பாவிலும் எச் 1 என்று இருந்தது. அது உணவில் தற்செயலாகப் பட்டாலும் ஏற்கத்தக்கது என்பதற்கான குறிதான்; இரண்டும் ஒன்றோடொன்று சேரும் என்பதற்கு அல்ல. கிரீஸைக் கெட்டியாக்கும் பொருள் ஒன்றில் பாலியூரியா, மற்றதில் அலுமினியம் காம்ப்ளெக்ஸ். இரண்டும் கலந்து கூழாகி வழிந்தன. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துப் புதிதாக அடைக்க அரை நாள்.

நான்காவது பேரிங்கை மாட்டிய அன்று மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். ரோலர்களுக்கு இடையில் கை இருந்த நேரத்தில், ஷிப்டுக்குப் புதிதாக வந்தவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் ஓடவில்லை. அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் நம்பியிருந்தால், அவர் அதை விடுவித்துவிட்டு ஓட்டியிருப்பார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மனமில்லை.

எல்லாம் முடிந்து ஓட்டலாம் என்றால், தரப்பிரிவு அம்மா நட்டுகளை எண்ணினார். பதினாறுக்குப் பதினைந்து. ஒரு நட்டு கிடைக்கும்வரை உற்பத்தி கிடையாது என்றார். இரண்டு மணி நேரம் காந்தக் கோலால் தொட்டியைத் துழாவினேன். துருப்பிடிக்காத எஃகு நட்டு காந்தத்தில் அநேகமாக ஒட்டாது என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் துழாவினேன். கடைசியில் அது என் கையுறையின் மடிப்பில் இருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. படிவத்தில் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டார்.

நேற்று ஐந்தாவது ரோலர் பக்கம் லேசாக ஒரு முனகல் கேட்டது. பணிச்சீட்டோடு ஸ்டோருக்குப் போனேன். சீட்டை வாங்குவதற்கு முன்பே அவர் கேட்டார்: “வால் என்ன தம்பி?”