ரோஸ் கலர் துப்பாக்கி வேண்டாம்

எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு செல்போன் கடை இருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, ஷட்டரை இறக்குகிற நேரத்தில் முகமூடி போட்ட இரண்டு பேர் உள்ளே நுழைந்து, துப்பாக்கியைக் காட்டிக் கல்லாவை வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலை எங்கள் மளிகைக்கடைக்கு அந்த வெள்ளைக்கார டீச்சரம்மா வந்தார். ரிட்டயர் ஆனவர், எழுபதைத் தாண்டியவர், வாரம் தவறாமல் மஞ்சள்தூளும் கஸூரி மேத்தியும் வாங்குகிறவர். நான் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது, மதியத்துக்கு என்ன சமையல் என்று விசாரிக்கிற அதே குரலில், "நீ என்னம்மா வச்சிருக்கே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தன் தொளதொள சட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். இடுப்பில் குட்டி ரிவால்வர். இத்தனை வருஷமாக அந்தம்மாவுக்குப் பை தூக்கிக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் அது என் கண்ணில் பட்டதில்லை.

டெக்சஸில் டாலஸுக்கு வடக்கே இந்தப் புறநகரில் எனக்கு எல்லாம் பழகிவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆலங்கட்டி மழை, சூறாவளிச் சங்கு, எட்டு வழிச் சாலை எல்லாம் பழகிவிட்டது. ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கல்லாப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு மனிதர் இல்லாத பார்க்கிங்கைத் தாண்டி வண்டிக்கு நடக்கிற அந்த இருபது முப்பது அடி மட்டும் பழகவே இல்லை. கும்பகோணத்தில் கடைத்தெருவில் ஷட்டர் இறங்குகிற சத்தமே வரிசையாகக் கேட்கும், ஒருவர் அடைத்தால் அடுத்தவர் நின்று பார்த்துக்கொள்வார், எதிர்வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்து யார் போகிறார், யார் வருகிறார் என்று கணக்கெடுத்துக்கொண்டே இருப்பார். நடுராத்திரியில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போவார். தூக்கத்தில் அந்த விசிலைக் கேட்டால் புரண்டு படுத்து இன்னும் நன்றாகத் தூங்குவோம். இங்கே அந்த வேலையை நாமே பார்க்க வேண்டியிருக்கிறது.

விசாவில் இருந்த காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர, எச்1பி வேலை விசாவிலும், அவர்கள் குடும்பத்துக்கான எச்4 விசாவிலும் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது இந்த நாட்டின் மத்திய சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகு வாங்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர், இவருக்கு இதில் இஷ்டமே இல்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது, துப்பாக்கி உள்ளே வந்தால் ஆபத்தும் கூடவே வரும் என்றார். அது நியாயமான பேச்சு. அதனால் பூட்டுப் பெட்டி முதலில், துப்பாக்கி அப்புறம் என்று முடிவு செய்தோம். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி தோட்டா போட்ட துப்பாக்கியை வைத்திருந்தால் டெக்சஸில் அதுவே தனிக் குற்றம். விரலால் அழுத்தித் திறக்கிற சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, அலமாரிக்குள் திருகாணி போட்டு இறுக்கியாயிற்று.

அதன்பிறகுதான் கடை கடையாக ஏறினேன். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அங்கேதான்.

எந்தக் கடைக்குப் போனாலும் கவுன்ட்டரில் இருக்கிறவர் என்னைப் பார்த்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுப்பது ஒரே மாதிரிதான்: இருப்பதிலேயே குட்டி, அதிலும் ரோஸ் கலர் பிடி போட்டது. "இதுதான் பெண்களுக்கு." நான் என் கை அளவைச் சொல்லவில்லை, எதற்கு, எங்கே வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அவர்களும் கேட்கவில்லை. ஒரு கடையில் நான் கேள்வி கேட்க, பதிலை இவரைப் பார்த்துச் சொன்னார்கள். இவர் அந்தப் பக்கம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

சின்னத் துப்பாக்கி பெண்ணுக்கு எளிது என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? விஷயம் தலைகீழ். ரூகர் எல்சிபி என்று ஒன்று, 2008ல் வந்தது, .380 தோட்டா, எடை முந்நூறு கிராம்கூட இல்லை, உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. சுட்டுப் பழகுகிற இடமான ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும். துப்பாக்கி எவ்வளவு லேசாக இருக்கிறதோ, அதே தோட்டாவுக்கு அவ்வளவு வேகமாகத் திருப்பி உதைக்கும், உதையை வாங்கிக்கொள்ள அதற்கு உடம்பில் கனம் இல்லை. பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் கிடையாது, குழல் குட்டையாக இருப்பதால் குறிபார்க்கிற முன்முனையும் பின்முனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கண் இம்மி தவறினாலும் குறி சாண் கணக்கில் தவறும். தினமும் சுட்டுப் பழகின ஆட்கள் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிற சாமான் அது. அதைக் கொண்டுவந்து முதல் முறை தொடுகிறவள் கையில் கொடுக்கிறார்கள். அவளும் ரெண்டு தடவை சுட்டுவிட்டு, கை வலிக்கிறது, நமக்கு இது வராது என்று பீரோவில் போட்டுவிடுகிறாள். எங்கள் கடைக்கு வருகிற பெண்களிடமே இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

குட்டி வேண்டாம் என்றால் அடுத்து எடுப்பது ஐந்து தோட்டா ரிவால்வர். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1950லிருந்து அந்தக் குடும்பத்தைச் செய்து வருகிறது, டீச்சரம்மா வைத்திருப்பதும் அதில் ஒன்றுதான். நல்ல சாமான், எளிமையானது, சிக்கிக்கொள்கிற சங்கதிகள் குறைவு, நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கிற 642 மாதிரி மாடலில் விசையை இழுக்கக் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ பலம் வேண்டும், துப்பாக்கியின் மொத்த எடையோ அரைக் கிலோவுக்கும் கீழே. இழுக்கிற இழுப்பில் துப்பாக்கியே ஆடுகிறது. இதை ஏன் எனக்குத் தருகிறீர்கள் என்று கேட்டால், "ஸ்லைடை உங்களால் இழுக்க முடியாது, அதனால்" என்றார்கள். ஸ்லைடு என்பது ரிவால்வர் அல்லாத கைத்துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றப் பின்னால் இழுக்கிற மேல்பாகம். இழுக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, நம் ஊரிலாவது ஒழுங்கா என்று யோசித்தால், 2014ல் கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வர் கொண்டுவந்ததே, .32 போர், அரைக் கிலோ, விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல், அதையும் மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துத்தான் கொடுத்தார்கள். டெல்லியில் 'நிர்பயா'வுக்கு நடந்த கொடுமையை நினைத்துப் பெயர் வைத்துவிட்டு, நகைப்பெட்டி எதற்கு?

அப்பா கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்தார். வாசலில் மிலிட்டரியிலிருந்து வந்த காவலாளி ஒருவர், முக்காலியில் உட்கார்ந்து மடியில் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் குறுக்கே வைத்திருப்பார். தோளில் சிவப்புத் தோட்டாக்கள் செருகின பட்டை. பள்ளிக்கூடம் விட்டு நான் போனால் கடலை மிட்டாய் கொடுப்பார், துப்பாக்கிப் பக்கம் கை போனால் மட்டும் முகம் மாறிவிடும். எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைப் போர்வையில் சுற்றி மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பார்கள், தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்குத் தெரிந்த துப்பாக்கிகள் இரண்டே இரண்டு, அப்புறம் தீபாவளிக்கு ரோல் கேப் போடுகிறது. இங்கே ரேஞ்சில் முதல் தடவை கதவைத் திறந்ததும் வந்த மருந்து வாசனைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தலை ஈரம் காயாமல் தம்பியோடு வாசலில் நிற்கிற நினைப்பு. பக்கத்தில் நின்றவர் காதுக்கவசம் சரியில்லையோ என்று கேட்டார்.

பயிற்சியாளராக ஒரு பெண் கிடைத்தது என் அதிர்ஷ்டம். முன்னாள் போலீஸ்காரர். ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதே என்றார், இடது உள்ளங்கையை மேலே கவிழ்த்து முழுக் கையாலும் அழுத்திப் பிடி, துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவா, இப்போது இடதுகையை இழுக்காதே, வலதுகையை முன்னால் தள்ளு என்றார். தள்ளினேன். திறந்துகொண்டது. அரிசி மூட்டை தூக்கிப் பழகின கை இது! பலம் எனக்கு எப்போதும் இருந்தது, வழிதான் யாரும் சொல்லவில்லை. வயதாகி விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கென்று ஸ்லைடை லேசாக இழுக்கிற மாதிரி ஷீல்டு ஈசி என்று ஒன்று 2018லிருந்து வருகிறது, அதையும் காட்டினார். ஒரு கவுன்ட்டரிலும் அதன் பேரைச் சொல்லவில்லை.

கடைசியில் நான் வாங்கினது சிக் சாவர் பி365 எக்ஸ்எல், 9 எம்எம். 2018ல் பி365 வந்தபோது ஏன் அவ்வளவு பேச்சு என்றால், அதுவரை அந்த அளவுத் துப்பாக்கியில் தோட்டா அடுக்குகிற மேகசினில் ஆறு ஏழுதான் கொள்ளும், இதில் தோட்டாக்களை நெருக்கி அடுக்கிப் பத்து கொள்ள வைத்தார்கள். அடுத்த வருஷமே வேறு கம்பெனியின் ஹெல்கேட் பதினொன்றோடு வந்தது. எக்ஸ்எல் அதே பி365தான், பிடியும் குழலும் கொஞ்சம் நீளம், பன்னிரண்டு கொள்ளும். என் சுண்டுவிரல் அதில் உட்கார்ந்தது, எனக்கு அது போதும். கறுப்பு நிறம். இந்த 9 எம்எம் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம், இங்கே 2019 வரை ரொட்டியும் டயரும் விற்கிற வால்மார்ட்டில்கூட இதன் தோட்டா கிடைத்தது.

மறைத்து வைப்பதுதான் பெரிய பாடு. புத்தகங்களும் வீடியோக்களும் எல்லாம் பேன்ட், பெல்ட் போட்ட ஆம்பளைக்குத்தான். சுடிதாருக்குப் பெல்ட் ஏது? பைக்குள் போட்டுக்கொள் என்றார்கள், நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு கடையில், இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டு, துப்பாக்கி வெடித்து, அந்தத் தாய் அங்கேயே செத்துப்போனார். துப்பாக்கி வைக்கவென்றே தனி ஜிப் வைத்துத் தைத்த பை அது. அதைப் படித்த பிறகு, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், விசையைக் கெட்டியான உறை முழுசாக மூடியிருக்க வேண்டும், இந்த இரண்டிலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற அகலப் பட்டை, அதில் கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறை, மேலே குர்தி. பயிற்சியாளர் என் குர்தியின் பக்கவாட்டுத் திறப்பைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். சட்டையைத் தூக்கவே வேண்டாம், கை நேராக உள்ளே போகிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை, இதை எங்கே தைக்கிறீர்கள் என்று கேட்டு, எங்கள் கடைக்கு வந்து இரண்டு குர்தி வாங்கிப் போனார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். துப்பட்டா மட்டும் கூடாது, கையில் சுற்றிக்கொள்ளும்.

துப்பாக்கியை எடுத்துச் செல்ல லைசென்ஸும் எடுத்தேன். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயதானவர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற மத்திய சட்டத்தில் அந்த மாநிலத்து லைசென்ஸ் உள்ளவர்களுக்கு விலக்கு இருக்கிறது, நானோ தினமும் மகளை விட அந்தத் தெருவில்தான் போகிறேன். கட்டணம் 40 டாலர், கைரேகை, வகுப்பு, எழுத்துத் தேர்வு, மூன்று, ஏழு, பதினைந்து கெஜ தூரத்தில் ஐம்பது ரவுண்டு. வகுப்பில் டெக்சஸிலேயே கில்லீன் என்கிற ஊரின் கதையைச் சொன்னார்கள். 1991 அக்டோபர் 16, அந்த ஊரில் ஓர் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைத்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். சுசானா ஹப் என்பவர் அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறைத்து எடுத்துச் செல்வது அப்போது குற்றம் என்பதால் அவருடைய துப்பாக்கி வெளியே காரில் இருந்தது. இரண்டு பேரையும் இழந்தார். பிறகு அவர் மன்றம் மன்றமாகப் போய்ப் பேசினார், 1995ல் கவர்னர் புஷ் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸ் வாங்கி மறைத்து எடுத்துச் செல்லலாம் என்று இங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்காக ஒரு பெண் அப்படிப் போராடியிருக்கிறார், கவுன்ட்டரில் இன்னும் நமக்கு ரோஸ் கலர்.

அம்மாவிடம் வீடியோவில் சொன்னேன். "ஏண்டி, போலீஸ் பிடிக்காதா?" என்றாள். "போலீஸ் டிபார்ட்மென்ட்டே கைரேகை வாங்கிட்டு லைசென்ஸ் கொடுத்திருக்கும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாகிட்ட சொல்லாதே, தூங்க மாட்டார்" என்றாள். ஆயுத பூஜைக்கு அதையும் படத்துக்கு முன்னால் வைப்பாயா என்று அவளே கேட்டாள். வைக்கவில்லை. கடைத் தராசு, இவர் லேப்டாப், மகளின் புத்தகம், அரிவாள்மனை, அவ்வளவுதான். அது பெட்டிக்குள்ளேயே இருந்தது, கோயிலுக்குப் போகிற நாளிலும் அப்படித்தான், இடுப்பில் அது இருந்தால் எனக்குச் சாமி கும்பிட வராது.

புடவைக்கு இதுவரை ஒரு வழியும் கிடைக்கவில்லை, பாவாடை நாடா அந்த எடையைத் தாங்காது. பொங்கல் விழாவில் இதைப் பேசப்போய் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள், அதில் மூன்று பேர் வருகிற சனிக்கிழமை என்னோடு ரேஞ்சுக்கு வருகிறார்கள். வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்காமல் எவர் சொன்னாலும் எதையும் வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருத்தி இன்னும் எச்4 விசாவில் இருக்கிறாள். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கையில் தொடக்கூடாது என்பதையும் சொல்லிவிட்டேன். அவளுக்கு வருத்தம்தான், ஆனாலும் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன் அக்கா என்றிருக்கிறாள்.