பின் சக்கர இயக்க ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர்: அளவிலிருந்து தொடங்கிய தேர்வு

என் கார் முன்னால் எஞ்சினும் பின்னால் இயக்கமும் கொண்ட இரண்டு கதவு கூபே. அதனுடன் வந்தவை முன்புறம் 245/40 ஆர்19, பின்புறம் 275/35 ஆர்19 என்ற அளவிலான கோடைக்கால டயர்கள். (முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் டயர் ஏறும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.) வெயில் நாட்களில் அவற்றைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வெப்பநிலை 7 டிகிரி செல்சியசை ஒட்டி இறங்கியதும், பனியின் சுவடே இல்லாத காய்ந்த சாலையில்கூட, ஆக்சிலரேட்டரை வழக்கம்போல் மிதித்தால் பின்புறம் விலகப் பார்த்தது. அந்த ரப்பர் கலவை சூட்டில் வேலை செய்வதற்கென்றே உருவாக்கப்பட்டது. குளிரில் அது இறுகிவிடும், இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படியாது. உறைநிலைக்கு வெகுவாகக் கீழே போனால் இத்தகைய டயர்களின் ட்ரெட்டில், அதாவது சாலையைத் தொடும் மேற்பட்டையில், வெடிப்பு விழக்கூடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் காரை உறை போட்டு நிறுத்திவிடுங்கள் என்று பலரும் யோசனை சொன்னார்கள். வேலைக்குப் போய்வர வேறு வண்டி இல்லாதவருக்கு அது யோசனையே அல்ல.

பின் சக்கர இயக்கம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, பனியில் வண்டி கிளம்புமா, மேடு ஏறுமா என்பதைத்தான். எனக்கு அது இரண்டாவது கேள்வியாகவே பட்டது. கிளம்பாத கார் நின்ற இடத்திலேயே நிற்கும்; அதனால் யாருக்கும் சேதம் இல்லை. கிளம்பிய பிறகு நிற்காத கார்தான் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் டயர்களுடையது, வளைவில் வண்டியைத் திருப்புவதும் அவைதான். ஆகவே, இயக்கம் பின்னால்தானே, பின் இரண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒரு டயர் கடையில் சொன்னபோது, அந்த யோசனையை அங்கேயே கைவிட்டேன். அப்படிச் செய்தால் கார் நன்றாகக் கிளம்பும், ஆனால் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். முன்னால் மட்டும் மாற்றுவது அதைவிட மோசம்: முன்புறம் பிடித்துக்கொள்ள, பின்புறம் சுழன்று முன்னே வந்துவிடும். நான்கும் ஒரே வகை, ஒரே மாடல் என்பதில் பேரம் கிடையாது.

சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது பிடிமானத்தை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடிமானத்தை நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவே. என் காரில் உள்ள லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் அப்படித்தான். ஒரு பின் சக்கரம் வழுக்கும்போது மற்றதற்கு விசையை அனுப்பி அது உதவுகிறது என்பது உண்மை. ஆனால் உறைந்த தளத்தில் மிதி சற்றே அதிகமானால் இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகச் சுழலத் தொடங்கி, வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சரியும்.

அடுத்து, எந்த வகை என்ற கேள்வி. குளிர்கால டயர் என்ற ஒரே பெயருக்குள் குணத்தில் வெகுவாக வேறுபட்ட இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆணி பதிக்காத பனிக்கட்டி டயர்கள்: பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷெலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்கபெலீட்டாவின் ஆர் வரிசை போன்றவை. இவற்றின் ரப்பர் மிகவும் மென்மையானது. ட்ரெட் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கும். பனிக்கட்டியின் மேல் வழுக்குவதற்குக் காரணம் அதன்மீது உருவாகும் மெல்லிய நீர்ப்படலம் என்பதால், அந்த நீரை உறிஞ்சி விலக்குவதே இவற்றின் வேலை. 1988இல் அறிமுகமான பிளிசாக், ரப்பருக்குள்ளேயே நுண்துளைகளை வைத்து இதைச் சாதித்தது. உறைநிலையை ஒட்டிய, ஈரம் மினுங்கும் பனிக்கட்டிதான் மைனஸ் 20 டிகிரியில் இருப்பதைவிட அதிகம் வழுக்கும் என்பதும் இந்த நீர்ப்படலத்தால்தான்.

மற்றது, வேகமான கார்களுக்கான குளிர்கால டயர்கள்: மிஷெலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோசீரோ, கான்டினென்டல் வின்டர்கான்டாக்ட் வரிசையில் உள்ள சில. இவற்றின் ரப்பரும் குளிரில் இறுகாது, ஆனால் கட்டைகள் விறைப்பானவை; குளிர்ந்த ஈரச் சாலையிலும் காய்ந்த சாலையிலும் நிறுத்துவதிலும் திருப்புவதிலும் முதல் குடும்பத்தை விஞ்சும், வழுவழுப்பான பனிக்கட்டியில் அதற்குப் பின்தங்கும். டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் எழுத்தான வேகக் குறியீட்டைப் பார்த்தாலே இந்த வேறுபாடு புரிந்துவிடும். பனிக்கட்டி டயர்கள் பெரும்பாலும் டி அல்லது எச், அதாவது மணிக்கு 190 அல்லது 210 கிலோமீட்டர். இரண்டாம் குடும்பத்தில் வி (240), டபிள்யூ (270) சாதாரணம். அந்த வேகத்தில் ஓட்டப்போகிறோம் என்பதற்காக இதைப் பார்க்கவில்லை. டயரின் கட்டுமானம் எவ்வளவு விறைப்பானது என்பதை அந்த எழுத்து ஓரளவு காட்டிக்கொடுக்கிறது.

இரண்டில் எது என்பதற்கு விடை டயரில் இல்லை, நான் ஓட்டும் சாலையில் இருந்தது. என் வழித்தடம் உப்புப் போட்டு வழிக்கப்படும் நெடுஞ்சாலை. குளிர்காலத்தின் பெரும்பாலான நாட்களில் அது கறுப்பாக, ஈரமாக, குளிர்ந்து கிடக்கும். பனி கொட்டும் காலைகள் வரும், ஆனால் மதியத்துக்குள் சாலை தெளிந்துவிடும். அந்தச் சாலையில் மெத்தென்ற பனிக்கட்டி டயரைப் போட்டால் ஸ்டீயரிங் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் இடையே தயக்கம் தெரியும், மிதமான நாட்களில் தேய்மானமும் கூடும். ஆகவே இரண்டாம் குடும்பத்தைத் தேர்ந்தேன். வழிக்கப்படாத கிளைச்சாலையில், உறைந்த சரிவில் வீடு இருந்திருந்தால் யோசிக்காமல் முதலாவதைத்தான் வாங்கியிருப்பேன். ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காக ஸ்போர்ட்ஸ் டயர் என்று போவது அங்கே வீண் பெருமை.

பக்கச்சுவரில் பார்க்க வேண்டிய குறி மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகள் மட்டும் போதாது. அவை ட்ரெட்டின் அமைப்பைப் பற்றித் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்வது, அவற்றுக்குச் சோதனை கட்டாயமில்லை. மலைச் சின்னத்துக்கு உண்டு: வட அமெரிக்க முறையில், இறுகிய பனியில் வண்டியை முன்னோக்கி இழுக்கும் திறன் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனை பனிக்கட்டியில் நிற்பதைப் பற்றியோ வளைவைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அதனால் அந்தச் சின்னத்தைக் குறைந்தபட்சத் தகுதியாக மட்டும் எடுத்துக்கொண்டேன். சின்னம் உள்ள, ஆண்டு முழுவதற்குமான நான்கு பருவ டயர்களையும் பார்த்தேன். கோடையில் இந்தக் காரின் குணத்தை அவை மழுங்கடித்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

உண்மையில் அதிக நேரம் எடுத்தது அளவுதான். 19 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் உயரம் பத்து சென்டிமீட்டருக்கும் குறைவு. சேற்றுப்பனிக்கு அடியில் குழி இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அந்த உயரத்தில் ரிம் அடிபடும். அகலமான டயர் தளர்ந்த பனியைக் கிழித்துக்கொண்டு அடித்தளத்தைத் தொடாமல் அதன் மேலேறி மிதக்கவும் பார்க்கும். எனவே 18 அங்குலத்துக்கு இறங்குவது என்று தீர்மானித்தேன். நான்கும் 245/45 ஆர்18 என்று ஒரே அளவாகப் போட்டால் முன் பின் மாற்றிக்கொள்ளலாம், தேய்மானம் சமமாகும் என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் முன் அகலத்தை அப்படியே வைத்துவிட்டுப் பின் அகலத்தில் மட்டும் 30 மில்லிமீட்டரைக் குறைத்தால், காரின் சமநிலை பின்புறம் நழுவும் பக்கமாகச் சாய்கிறது. குளிர்ந்த ஈர வளைவில் நான் விரும்பாதது அதைத்தான்.

காரின் கையேட்டைப் புரட்டியபோது, இதே காரின் அடிப்படை மாடலுக்கு முன்னால் 225/50 ஆர்18, பின்னால் 245/45 ஆர்18 என்று தயாரிப்பாளரே அனுமதித்திருந்தது தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் டயரின் விட்டம் 678.6 மில்லிமீட்டரிலிருந்து 682.2 ஆகிறது, பின் டயர் 675.1லிருந்து 677.7 ஆகிறது, இரண்டிலும் வேறுபாடு அரை சதவீதம் அளவே, முன்பின் விகிதமும் அநேகமாக அப்படியே இருக்கிறது. சக்கரங்களின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டே, பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் நிலைப்புக் கட்டுப்பாடும் முடிவெடுப்பதால், இந்த விகிதம் கெடாமல் இருப்பது முக்கியம். முன் பின் மாற்ற முடியாது என்ற குறையை ஏற்றுக்கொண்டேன். அதற்கு ஈடாக, ஒரே திசையில் மட்டும் உருளும் வடிவத்தைத் தவிர்த்து, உட்பக்கம் வெளிப்பக்கம் வேறுபட்ட ட்ரெட் உள்ள டயரை நாடினேன். அதையாவது ஒரே அச்சில் இடமும் வலமும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த இரண்டு அளவிலும் ஒரே மாடல் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்ததும் நீளமான பட்டியல் தானாகச் சுருங்கிவிட்டது. சோதனை ஓட்டங்களில் முதலிடம் பெற்ற டயர் பின் அளவில் இருந்தது, முன் அளவில் இல்லை. டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீடு கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது என்பதையும் பார்த்த பிறகு மிஞ்சியவற்றில், ஈரச் சாலையில் நிற்கும் தூரம் எதற்குக் குறைவோ அதை எடுத்தேன். அதன் பெயரை இங்கே சொல்வதால் பயனில்லை, உங்கள் அளவில் அது வராமலே போகலாம்.

ரிம்மில் துளைகளின் அமைப்பு, நடுத்துளையின் விட்டம், உட்தள்ளல் (மாட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கும் தூரம்) ஆகியவை பொருந்தினால் போதாது. என் காரில் உள்ளவை பெரிய நான்கு பிஸ்டன் காலிப்பர்கள், அதாவது பிரேக் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள். 18 அங்குலம் என்று எழுதியிருக்கும் ரிம்மெல்லாம் அவற்றைத் தாண்டிச் சுழலும் என்று நம்ப முடியாது. டயரை ஏற்றுவதற்கு முன் வெறும் ரிம்மை மாட்டிப் பார்ப்பதில் உறுதியாக இருந்தேன், ஏனென்றால் டயர் ஏறிய ரிம்மை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது. குழந்தைகள் உருட்டி விளையாடும் மென்களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, காலிப்பர் அதிகம் புடைத்திருக்கும் இடங்களில் ஒட்டினேன். ரிம்மைப் பொருத்தி, நட்டுகளை முடுக்கி, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினேன். கழற்றிப் பார்த்தபோது ஓர் உருண்டை மட்டும் ஆரக்காலின் உட்புறத்தில் பட்டுத் தட்டையாகி, அதன் வரையைப் பதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தகட்டை வெர்னியரால் அளந்தேன்: 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அது போதுமான இடைவெளி. நட்டு ரிம்மில் அமரும் இருக்கை கூம்பா, உருண்டையா என்பதையும் அப்போதே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. தவறான நட்டு இறுகியதுபோலவே தோன்றும், பிறகு தளரும். காற்றழுத்த உணரிகளும் இரண்டாவது தொகுப்பாக வாங்கி ரிம்மிலேயே பொருத்திவிட்டேன். மாட்டியபின், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

புதிய டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் என்பதால் முதல் சில நூறு கிலோமீட்டர் அடக்கியே ஓட்டினேன். குளிரில் காற்று சுருங்குவதால் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பார் குறையும். கதகதப்பான கொட்டகையில் அளந்து நிரப்பியது வெளியே வந்ததும் போதாமல் போகும். அதனால் வெளியே நிறுத்தி ஆறிய பிறகே அளக்கிறேன்.

பனியில் முதன்முதலாக இறங்கியபோது கார் கிளம்புவதில் எந்தத் திணறலும் இல்லை. இரண்டாவது கியரில், கிளட்சை மெல்ல விட்டால் அமைதியாக நகர்ந்தது. கவனம் தேவைப்பட்டது கியர் குறைக்கும்போதுதான். எஞ்சின் பிரேக்கிங் முழுவதும் பின் சக்கரங்களில் மட்டும் விழுவதால், எஞ்சின் சுற்று வேகத்தைச் சக்கர வேகத்துக்குப் பொருத்தாமல் கீழ் கியருக்குத் தள்ளினால், பிரேக்கைத் தொடாமலே பின்புறம் பூட்டியதுபோல் இழுபடும். எஞ்சின் சுற்றைச் சற்று உயர்த்திக் கிளட்சை விடும் பழக்கம் இங்கே ஆடம்பரம் அல்ல. டிக்கியில் மணல் மூட்டை வைப்பது பழைய வைத்தியம்; கிளம்ப உதவும், ஆனால் அந்த எடையையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும், வளைவில் அதுவே பின்புறத்தை வெளியே தள்ளும். நான் வைக்கவில்லை. எந்த டயரும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு: தரையிலிருந்து இந்தக் காரின் உயரம் குறைவு. பனி அந்த உயரத்தைத் தாண்டினால் கார் அடிவயிற்றால் பனியில் ஏறி உட்கார்ந்துவிடும், சக்கரங்கள் வெறுமனே சுற்றும். அத்தகைய நாட்களில் வெளியே எடுப்பதில்லை.

தேய்மானத்தில் 1.6 மில்லிமீட்டர் என்ற பொதுவான சட்ட வரம்பு இந்த டயர்களுக்கு உதவாது. ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது குளிர்கால டயராகவே கணக்கில் வராது. மொட்டையாகும்வரை காத்திராமல் நானும் அதையே வரம்பாக வைத்திருக்கிறேன். பின் டயர்கள் முன்னவற்றைவிட விரைவாகத் தேய்வதால் நான்கையும் தனித்தனியே அளக்க வேண்டும். காலை நேர வெப்பநிலை 7 டிகிரிக்கு மேல் நிலைத்ததும் கழற்றி, உப்பைக் கழுவி, எந்தச் சக்கரம் எந்த இடம் என்று சாக்கட்டியால் உட்புறம் குறித்து, வெயிலும் மின்மோட்டாரும் இல்லாத மூலையில் படுக்கையாக அடுக்கிவைக்கிறேன். மோட்டார் உண்டாக்கும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். அடுத்த பருவத்தில் பின் அச்சின் இரண்டையும் இடம் மாற்றி மாட்டுவேன்.